செருகியும் டிரைவர் ஏறவில்லையா? மாட்புரோப்புக்கு முன் பார்க்க வேண்டியவை

லினக்ஸில் வைஃபை டொங்கிளோ சீரியல் கேபிளோ வேலை செய்யவில்லை என்றதும் பலர் செய்வது ஒன்றுதான்: மாட்புரோப் கட்டளை கொடுத்து மொடியூலை (லினக்ஸின் மையமான கெர்னலில் ஏறும் டிரைவர் துண்டை) கையால் ஏற்றிவிட்டு, அதன் பெயரை /ஈடிசி/மொடியூல்ஸ் கோப்பிலும் எழுதிவைப்பார்கள். அன்றைக்கு வேலை நடக்கும். கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் பனடோல் போடுகிற மாதிரி.

மொடியூல் தானாக ஏறும் வழி நீளமானதல்ல. சாதனத்தைச் செருகியதும் கெர்னல் அதன் அடையாள எண்களை வாசித்து 'மொட்-ஏலியாஸ்' என்ற ஒரு வரியைக் கட்டும். சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் என்ற சேவை அந்த வரியை, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்குரிய மொடியூல்ஸ்.ஏலியாஸ் பட்டியலோடு பொருத்திப் பார்க்கும். பொருந்திய மொடியூல் ஏறும். பட்டியலை எழுதிவைப்பது டெப்மொட் என்ற கட்டளை.

ஆகவே முதலில், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். 'டிவைஸ் டிஸ்கிரிப்டர்' வாசிக்க முடியவில்லை, பிழை -71 என்று வந்தால் மொடியூலைத் தேட வேண்டாம். கெர்னலுக்கு அடையாள எண்ணே கிடைக்கவில்லை. திருகோணமலைக் கடற்காற்றில் யூஎஸ்பி முனைகளில் பச்சைக் களிம்பு பிடிப்பது புதினமில்லை. ஐசோபுரோபைல் அல்கஹோலால் துடைத்து, வேறு கேபிள், வேறு துளை என்று மாற்றிப் பாருங்கள். படகு ஜீபிஎஸ் கேபிள்களில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எண் தெரிகிறது, மொடியூல் இல்லை என்றால் 'யூநேம் -ஆர்' காட்டும் கெர்னல் பெயரில் /லிப்/மொடியூல்ஸ் உள்ளே ஒரு அடைவு இருக்கிறதா பாருங்கள். உபுண்டு, டெபியனில் புதுப்பிக்கும் நடுவில் கரண்ட் போயிருந்தால் 'டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ' கொடுத்து முடித்துவையுங்கள். டிகேஎம்எஸ் (ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் டிரைவரை மறுபடி கட்டித்தரும் கருவி) மூலம் போட்ட டிரைவர் என்றால், கட்டுவதற்குத் தேவையான, புதிய கெர்னலின் ஹெடர் பொதி இறங்காததால் அது கட்டப்படாமல் நின்றிருக்கலாம். டேட்டாவை மிச்சம்பிடிக்க அந்தப் பொதியை மட்டும் விடுவது வீண் சிக்கனம்.

கையால் ஏற்றினால் ஏறுகிறது, தானாக ஏறவில்லையா? /ஈடிசி/மாட்புரோப்.டி அடைவில் 'பிளாக்லிஸ்ட்' என்று தேடுங்கள். அந்தச் சொல் தானாக ஏறுவதை மட்டுமே மறிக்கும். பெயர் சொல்லி ஏற்றுவதை மறிக்காது. வரியை நீக்கியபின் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' ஓட்டாவிட்டால், பழைய தடை இனிட்ராம்எஃப்எஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) உள்ளே தங்கிவிடலாம்.

மொடியூல் ஏறியும் சாதனம் உயிர்க்கவில்லை, ஃபேம்வெயார் பிழை -2 என்றால், சாதனத்துக்குள் ஏற்றவேண்டிய மென்பொருளான ஃபேம்வெயார் கோப்பு இல்லை. மொடியூல் ஏறும்போதே 'தேவையான சாவி இல்லை' என்று மறுக்கப்பட்டால் அது செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையொப்பமில்லாத மொடியூலை மறிக்கும் பாதுகாப்பு. ரீஸ்டார்ட்டில் வரும் நீலத்திரையில் மொக் சாவியை (கணினி உரிமையாளரின் கையொப்பச் சாவியை) பதியாமல் தாண்டியிருப்பீர்கள்.

ரியல்டெக் டொங்கிள் சில 0பிடிஏ:1ஏ2பி என்ற எண்ணோடு, விண்டோஸ் டிரைவர் அடங்கிய சீடியாக வேடம் போடும். யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற கருவி அதை மாற்றியபின்தான் வைஃபை எண் வெளியே வரும். கண்ட இடத்தில் டிரைவர் இறக்கத் தேவையில்லை: 8821சியூ போன்ற சில சிப்புகளுக்கு 2023இல் வந்த 6.2 கெர்னல் முதலே அதனோடு வரும் ஆர்டிடபிள்யூ88 தொகுதியில் டிரைவர் உண்டு.

இன்னொரு கோளாறு ஆளையே குழப்பும். சீஎச்340 சீரியல் கேபிளின் எண் 1ஏ86:7523. உபுண்டு 22.04இல் அதைச் செருகியதும் சீஎச்341 மொடியூல் ஒழுங்காக ஏறும், கேபிளுக்கான டிடிவையூஎஸ்பி0 என்ற சாதனப் பெயர் தோன்றும், உடனேயே காணாமலும் போகும். டிமெசேஜில் 'பிஆர்எல்டிடிவை' என்ற பெயர் இருக்கும். அது பிரெய்ல் திரைகளுக்கான மென்பொருள். அதே எண்ணில் பிரெய்ல் கருவியும் இருப்பதால் கேபிளைப் பிடித்துக்கொள்கிறது. இணையத்தில் எல்லோரும் அதை அழித்துவிடச் சொல்கிறார்கள். பார்வையற்ற ஒருவரும் பாவிக்கும் கணினியில் அப்படிச் செய்தால் அவருடைய திரை நின்றுபோகலாம். அதற்குப் பதில், பிஆர்எல்டிடிவையின் யூடெவ் விதிக் கோப்பை /ஈடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி அடைவுக்குள் அதே பெயரில் நகலெடுத்து, இந்த எண் உள்ள வரியை மட்டும் முன்னால் # போட்டுக் குறிப்பாக்கிவிட்டு, கேபிளைக் கழற்றிச் செருகுங்கள்.