கொழுப்பைக் கரைக்குமா பி12 ஊசி?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஆவணியில தங்கச்சிக்குக் கல்யாணம். கிழமைக்கு ஒரு பி12 ஊசி போட்டா உடம்பு வத்தும் எண்டு சொல்றாங்க. போடலாமா?"

பி12 ஒரு விற்றமின். அதன் குறைபாடு இல்லாத ஒருவருக்கு அந்த ஊசியால் எடை குறையும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் எதுவும் இல்லை. எடையைக் குறைக்கும் ஊசி என்று வேறொன்று உண்மையிலேயே இருப்பதால்தான் இந்தக் குழப்பம். செமகுளுடைட் என்ற அந்த மருந்து விற்றமின் அல்ல. குடலில் சுரக்கும் ஓர் ஓமோனைப் போல நடித்துப் பசியை அடக்குகிறது. பெரிய ஆய்வொன்றில் 68 கிழமைகளில் சராசரியாக 15 சதவீதமளவு எடை குறைந்தது. 2021இல் அமெரிக்கா எடைக்குறைப்புக்காக அதற்கு அனுமதி கொடுத்தது. அந்த ஊசிக்குக் கிடைத்த பேர் இப்போது எல்லா ஊசியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பி12க்கும் கொழுப்புக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லமாட்டேன். நம் உடலில் இரண்டே இரண்டு நொதியங்களுக்குத்தான், அதாவது வேதிமாற்றங்களை நடத்திவைக்கும் புரதங்களுக்குத்தான், பி12 தேவை. ஒன்று டிஎன்ஏ ஆக்கத்துக்குத் துணைபோவது. அது படுத்துவிட்டால் குருதிச்சோகை வரும். மற்றது, ஒற்றைப்படை எண்ணிக்கையில் காபன் அணுக்கள் கொண்ட கொழுப்பமிலங்களையும் சில அமினோ அமிலங்களையும் உடைக்கும்போது உதவுவது. 'கொழுப்பை எரிக்கும்' என்ற விளம்பரப் பேச்சுக்குப் பிடி கிடைப்பது இங்கேதான். ஆனால் நாம் சாப்பிடும் கொழுப்பில் ஏறக்குறைய எல்லாமே இரட்டைப்படை. அதற்கு இந்த நொதியம் வேண்டியதே இல்லை. அதோடு, தேவையான பி12 கிடைத்துவிட்ட நொதியம் மேலும் ஊற்றுவதால் வேகம் பிடிக்காது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 2.4 மைக்ரோகிராம். ஊசியில் இருப்பது பொதுவாக 1000. மிஞ்சுவதில் கணிசமான பகுதி சிறுநீரோடு போய்விடும்.

சரி, அப்படியென்றால் இந்த விற்றமினுக்கு ஊசி எதற்கு வந்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சூடைமீன் குழம்பிலிருக்கும் பி12 தனியாக வருவதில்லை, மீனின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இரைப்பையின் அமிலமும் பெப்சினும் அதைப் பிரித்தெடுக்கும். பிரிந்த உடனே, உமிழ்நீரோடு இறங்கிவந்த ஒரு புரதம் அதைப் பற்றிக்கொள்ளும். முன்சிறுகுடலில் சதையியின் நொதியங்கள் அந்தப் புரதத்தைச் சிதைக்க, பி12 மறுபடி தனித்துப்போகும். அப்போதுதான் உள்ளகக் காரணி என்ற இன்னொரு புரதம் அதை ஏற்றுக்கொள்கிறது. இது சுரந்ததென்னவோ இரைப்பையில். அமிலத்தில் உமிழ்நீர்ப் புரதத்தின் பிடி பலமாக இருப்பதால், தன் முறை வரும்வரை சும்மா கூடவே வருகிறது! பிறகு இரண்டும் சேர்ந்து சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை போகவேண்டும். அங்குள்ள கலங்கள் உள்ளகக் காரணியை அடையாளம் கண்டால்தான் உள்ளே எடுக்கும். குருதிக்குள் கொண்டுபோக இன்னுமொரு புரதம் வேறு.

பாலங்கள் வருவதற்கு முன் தரைவழியாக மூதூருக்குப் போனவர்களுக்கு இது நன்றாக விளங்கும். கிண்ணியாவில் பாதையில், அதாவது வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையில், ஏறி இறங்கி, அடுத்த துறையில் இன்னொரு பாதை, அப்புறம் இன்னொன்று. ஊசி போடுவது திருகோணமலையில் லோஞ்ச் ஏறிக் கொட்டியாரக் குடாவை நேரே கடப்பது மாதிரி. நடுவில் ஒரு பாதை பழுதாகிவிட்டவருக்கு அது உயிர்காக்கும் வழி. மற்றவருக்கு, லோஞ்சில் வந்தார் என்பதற்காக மூதூரில் வேலை கூடிவிடாது.

உள்ளகக் காரணி இருப்பது தெரியவந்த விதம் கொஞ்சம் அருவருப்பானது. 1920களின் பிற்பகுதியில் பொஸ்ரன் நகரில் வில்லியம் காசில் என்ற மருத்துவர் அரைவேக்காட்டு மாட்டிறைச்சியைத் தானே சாப்பிட்டார். ஒரு மணித்தியாலம் கழித்து அதை வயிற்றிலிருந்து வெளியே எடுத்து, மேலும் சமிபாடடைய விட்டு, குருதிச்சோகை முற்றிய நோயாளிகளுக்குக் குழாய்வழியே கொடுத்தார். செங்குழியங்கள் பெருகத் தொடங்கின. இறைச்சியை மட்டும் கொடுத்தால் ஒன்றும் நடக்கவில்லை. இரைப்பைச் சாற்றை மட்டும் கொடுத்தாலும் இல்லை. இரண்டும் சேரவேண்டியிருந்தது. பி12 என்ற பொருளையே 1948இல்தான் பிரித்தெடுத்தார்கள் என்பதை யோசித்தால், அந்த வயிற்றுக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஊசி போடாத டொக்டரை டொக்டராகவே கணக்கெடுக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குளிசை தந்து அனுப்பினால் முகம் சுருங்கும். நூல் கட்டுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள்கூட, சிரிஞ்சில் அந்தச் சிவப்பு மருந்து ஏறுவதைக் கண்டதும் நம்பிவிடுகிறார்கள். கோபால்ற் அணுவைச் சுற்றிய வளையம் தரும் நிறம் அது, அவ்வளவுதான். ஊசியோடு சோற்றைக் குறைக்கச் சொல்லி ஒரு தாளும் கொடுப்பார்கள் என்றால், மெலிவதற்கான காரணம் அந்தத் தாளில் இருக்கிறது.

நீரிழிவுக்கு நெடுங்காலம் மெட்போமின் எடுப்பவர்கள், இரைப்பை அமிலம் குறைந்துபோன வயதானவர்கள், மீன், இறைச்சி போன்ற மச்சத்தோடு பாலையும் தயிரையும்கூடத் தொடாதவர்கள் ஆகியோருக்கு பி12 குறைய வாய்ப்புண்டு. ஓயாத களைப்பு, கைகால் விறைப்பு இருந்தால் குருதியைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள். குறைவு என்று வந்தாலும் பலருக்கு ஊசியே வேண்டியதில்லை. வாயால் எடுக்கும் பி12இல் ஏறத்தாழ 1 சதவீதம், எந்தப் புரதத்தின் துணையும் இல்லாமல் தானாகவே குடல்சுவரைக் கடந்துவிடும். 1000 மைக்ரோகிராம் குளிசையில் அது 10 மைக்ரோகிராம், அன்றாடத் தேவையின் நான்கு மடங்கு.