வெள்ளத்தில் மூழ்கியும் பிழைக்கும் நெல்

டெல்டாவில் சம்பாப் பயிர் மூழ்கும் செய்தி ஏறக்குறைய எல்லா மழைக்காலத்திலும் வருகிறது. சி.ஆர். 1009 சப்1 ரகம் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தும் பிழைக்கிறதே, அது மரபணு மாற்றப்பட்ட பயிரா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை, மகரந்தச் சேர்க்கையில் பிறந்ததுதான். மரபணு என்ற சொல் காதில் விழுந்ததும் பதறுவோர் இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்கலாம்.

மூழ்கிய நெல் வழக்கமாகத் தண்ணீருக்கு மேலே வர அவசரமாக நீளும். அதிலேயே சேமிப்பெல்லாம் கரைந்து, வெள்ளம் வடிந்ததும் சாய்ந்துவிடும். ஒடிசாவின் நாட்டு ரகம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ அப்படியல்ல, வளர்ச்சியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். காரணம் ஒன்பதாவது குரோமோசோமில் உள்ள சப்1ஏ என்ற மரபணு. 2006இல் அதை அடையாளம் கண்டார்கள்.

ஆனால் எஃப்.ஆர். 13ஏ விளைச்சலில் சோடை. அதன் வழிவந்த செடியை ஆந்திராவின் அதிக விளைச்சல் ரகமான சுவர்ணாவோடு கலந்து, பிறக்கும் செடியை மீண்டும் மீண்டும் சுவர்ணாவோடே கலந்தால், அந்நியப் பங்கு 50, 25, 12.5 சதவீதம் எனக் குறையும். இது பள்ளிக்கூடக் கணக்கு. சிக்கல் சப்1ஏ மரபணுவை ஒட்டியிருக்கும் பகுதியில்தான். ஒருவருக்கு அழைப்பு வைத்தால் குடும்பமே கிளம்பி வருவதுபோல, அதன் அக்கம்பக்கத்து மரபணுக்களும் தலைமுறைதோறும் கூடவே வரும். மகரந்தத்திலும் சூலிலும் பாலணு (இனப்பெருக்க அணு) உருவாகும்போது குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் வெட்டு, சப்1ஏவுக்கு மிக அருகில் விழுந்தால்தான் அவை கழன்றுபோகும். அது அபூர்வம்.

எனவே நூற்றுக்கணக்கில் நாற்று வளர்த்து, ஒவ்வொன்றிலும் ஓர் இலைத்துணுக்கைக் கிள்ளி டிஎன்ஏவைப் பார்க்கிறார்கள். சப்1ஏ இருக்கிறதா? பாதி நாற்றுகள் இங்கேயே கழிந்துவிடும். வெட்டு அருகில் விழுந்திருக்கிறதா? விரல்விட்டு எண்ணலாம். அவற்றுள் மற்ற குரோமோசோம்களில் சுவர்ணா அதிகம் கொண்டது எது? அதுதான் அடுத்த கலப்புக்குத் தாய். சப்1ஏவின் இருபுறமும் ஒரே தலைமுறையில் வெட்டு விழுவது குதிரைக்கொம்பு. ஆகவே இந்தத் தலைமுறையில் ஒருபுறம், அடுத்ததில் மறுபுறம். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பூக்கும் முன்பே விடை தெரிவதால் அதே பருவத்திலேயே கலக்கலாம். ஆறேழு பிற்கலப்புகள், அதாவது சுவர்ணாவோடு மீண்டும் கலப்பது, வேண்டிய இடத்தில் இரண்டு மூன்றே போதும். சுவர்ணா சப்1 இந்தியாவில் 2009இல் வெளியானது. வாசகர் கேட்ட சி.ஆர். 1009 சப்1 ரகமும் இதே வழியில் வந்ததுதான்.

எஃப்.ஆர். 13ஏவின் விதையைப் பல பத்தாண்டுகள் யாரோ காப்பாற்றி வைத்திருந்ததால்தான் இதெல்லாம் நடந்தது. விதை வங்கியிடம் ஆண்டுதோறும் லாபக்கணக்கு கேட்கும் அதிகாரிகள் இதைப் படித்தால் நல்லது.

சப்1 எல்லா வெள்ளத்துக்கும் மருந்தல்ல. முழங்கால் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கும் வயலில் நிமிர்ந்து வளரும் ரகமே வேண்டும். வளர்ச்சியை நிறுத்தும் குணம் அங்கே பயன்படாது.