செக்பாயின்ட்: சோதனைச்சாவடியா, நிலைக்குறியா?

கேரள எல்லையிலுள்ள வாளையார் வழியே பாலக்காட்டுக்கு லோடு ஓட்டுகிறவரிடம் 'சோதனைச்சாவடி' என்று சொல்லுங்கள். வண்டி நிற்கணும், பேப்பர் காட்டணும், தார்ப்பாயைப் பிரிக்கணும் என்பார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை அங்கே லாரி வரிசை பிரசித்தம். தரவுத்தளக் கையேட்டைத் தமிழாக்குகிறவர்கள் 'செக்பாயின்ட்'டுக்கும் இதே சொல்லை ஒட்டுகிறார்கள்!

'செக்' சதுரங்கத்துச் செக்தான். அரசனைக் குறிக்கும் பாரசீக 'ஷா' பிரெஞ்சு வழி ஆங்கிலத்துக்கு வந்தது. சாவடி நம் சொல். மலையாளத்திலும் தெலுங்கிலும் புழங்குகிறது. பிறப்புக் கதை இவ்வளவு போதும்.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் செக்பாயின்ட் எதையும் நிறுத்துவதில்லை, சோதிப்பதும் இல்லை. மாற்றிவைக்காவிட்டால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, நினைவகத்தில் மாறிய பக்கங்களை வட்டில் எழுதும். சர்வர் விழுந்து எழுந்தால் வால் (WAL, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவேடு) பதிவுகளை எங்கிருந்து மறுபடி ஓட்டுவது என்றும் குறித்துவைக்கும். டிரான்சாக்‌ஷன்கள் (முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத தரவு வேலைகள்) அதுபாட்டுக்கு ஓடும். பக்கம் கெட்டதா என்று பார்ப்பது செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணின் வேலை.

ஒரு சர்வரின் மாற்றங்களை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் ரெப்ளிகேஷனில் இந்தக் குழப்பம் கையைக் கடிக்கும். பெறுநர் எதுவரை பெற்றார் என்று மூல சர்வர் வைத்திருக்கும் கணக்கான லாஜிக்கல் ஸ்லாட் எதுவரை வந்தது என்பது செக்பாயின்ட்டின்போதுதான் வட்டில் பதிகிறது. நடுவில் சர்வர் செத்தால் ஸ்லாட் பின்னுக்குப் போய், அனுப்பியதையே திரும்ப அனுப்பும். 'சாவடியில் சோதித்துத்தானே விட்டிருப்பார்கள்' என்று நம்பிய பெறுநர் நிரலில் ஒரே பில் இரண்டு முறை ஏறும். பெறுநர் தான் எட்டிய இடத்தைத் தனிக் கோப்பில் எழுதுவதும் வம்பு: தரவை முதலில் எழுதி, கோப்புக்குமுன் விழுந்தால் இரட்டிப்பு, கோப்பை முதலில் எழுதினால் இழப்பு. தரவும் இடமும் ஒரே டிரான்சாக்‌ஷனில் கமிட் ஆக (உறுதியாகப் பதிய) வேண்டும். போஸ்ட்கிரெஸ் 9.5இல் வந்த ரெப்ளிகேஷன் ஆரிஜின் செய்வது அதைத்தான்: கமிட் பதிவிலேயே மூலத்தின் எல்.எஸ்.என். (வால் பதிவேட்டில் இட எண்) இருக்கும். மறுதொடக்கத்தில் கடைசி செக்பாயின்ட் எழுதிய கோப்பைப் படித்து, அதற்குப் பிந்திய கமிட்டுகளை ஓட்டி, விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

'சரிபார்ப்புப் புள்ளி' என்றொரு போட்டிச் சொல்லும் உலவுகிறது. சாவடியை இடித்துவிட்டுச் சோதனையை மட்டும் வைத்துக்கொண்ட கதை. 'செக்' கண்டால் சரிபார்ப்பு, 'பாயின்ட்' கண்டால் புள்ளி என்று அகராதியைப் பிய்த்து ஒட்டுவது மொழிபெயர்ப்பா? 'மீட்புப் புள்ளி'யும் உதவாது. மீட்கும்போது நிறுத்த வேண்டிய இடத்துக்குப் பெயரிடும் ரெஸ்டோர் பாயின்ட் அதை எடுத்துக்கொண்டது. வட்டில் நிலைத்ததைக் காட்டும் குறி என்பதால் 'நிலைக்குறி' பொருந்தும். 'நிலைக்குறி இடு' என்று வினையாகவும் வரும். அது பிடிக்காதவர் 'செக்பாயின்ட்' என்றே எழுதட்டும், சாவடிக்கு அது எவ்வளவோ தேவலை.