பத்தாவது முடிச்சாச்சு: பிளஸ் ஒன்னா, ஐடிஐயா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே எங்கள் ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) ஆபீஸ் வாசலில் ஆள் சேர ஆரம்பித்துவிடும். முக்கூடல், வீரவநல்லூர், மானூர், நாங்குநேரி என்று பல பக்கத்திலிருந்தும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் வாயிலிருந்து வருவது ஒரே பேச்சுதான். "சார், இவனுக்குப் படிப்பு ஏற மாட்டேங்கு. இங்கன சேர்த்துவிட்டா ஒரு கைத்தொழிலாவது கத்துக்கிடுவான்லா." சொல்வது அந்தப் பையன் காதில் விழுகிற தூரத்தில்தான்.

ஃபிட்டர் பிரிவில் (இரும்பை அளந்து ராவி, இயந்திர பாகங்களைப் பொருத்துகிற தொழில்) பல வருஷமாகப் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். படிப்பு வருகிறவனுக்கு பிளஸ் ஒன், வராதவனுக்கு ஐடிஐ என்று பிள்ளைகளை இரண்டாகப் பிரிப்பதால் இரண்டு பக்கமும் பிள்ளைகள் கெடுகிறார்கள். கையால் செய்துதான் கற்றுக்கொள்வேன் என்கிற கெட்டிக்காரப் பிள்ளை, மார்க் நிறைய எடுத்த ஒரே காரணத்துக்காக ஃபர்ஸ்ட் குரூப்பில் போய்த் திணறுகிறது. மார்க் குறைந்த பிள்ளை, தனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பிரிவில் எங்களிடம் வந்து உட்கார்ந்துகொண்டு, தீபாவளி லீவுக்குப் போனால் திரும்பி வருவதில்லை. அதற்கப்புறம் அவன் சென்னையில் ஏதாவது மளிகைக்கடையில் நிற்கிறான் என்று கேள்விப்படுவோம். பதினாறு வயதில்.

ஐடிஐயில் கணக்கு கிடையாது என்று நினைத்து வருகிறவர்களுக்காக ஃபிட்டர் பட்டறையின் முதல் சில வாரங்களைச் சொல்கிறேன். ஒரு இரும்புத் துண்டைக் கையில் கொடுப்போம். அதை வைஸில் இறுக்கி, அரத்தால் ராவி, ஒரு பக்கத்தைச் சமதளமாக்க வேண்டும். கேட்க லேசாக இருக்கும். ராவினதும் மூலமட்டத்தை (செங்கோணம் பார்க்கிற கருவி) அதன்மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்போம். நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி ராவ வேண்டியதுதான். முதல் வாரத்திலேயே உள்ளங்கை கொப்புளித்துவிடும், தோள் வலிக்கும், கால் கடுக்கும். அப்புறம் அளவு பார்க்க வெர்னியர் காலிப்பர் கொடுப்போம். அதில் 0.02 மில்லிமீட்டர் வரை படிக்க வேண்டும். தசமப் புள்ளி கணக்கு தகராறு என்றால் பையன் அங்கேயே மாட்டிக்கொள்வான். பட்டறைக் கணக்கு, அறிவியல், பொறியியல் வரைபடம் எல்லாமே பாடத்திட்டத்தில் உண்டு. தியரித் தேர்வைக் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். 80 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வே எழுத முடியாது.

அதே பட்டறையில் வேறு மாதிரிப் பிள்ளைகளையும் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் இருந்தவன் இங்கே அந்த இரும்புத் துண்டை விட மாட்டான். சாப்பாட்டு மணி அடித்தாலும், "சார், இந்த ஒரு மூலை மட்டும்" என்று நிற்பான். அவனுக்கு இத்தனை நாள் வராத கணக்கு, கையில் இருக்கிற பொருளின் அளவாக மாறினதும் வந்துவிடுகிறது. அவனை இன்னும் 2 வருஷம் நோட்ஸ் மனப்பாடம் பண்ண வைத்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று நினைக்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

சரி, முதலில் எந்தப் பாதை எங்கே போகிறது என்று பார்ப்போம். ஐடிஐக்கு வந்துவிட்டால் அத்தோடு மேல்படிப்பு முடிந்தது என்கிற பயம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை.

பத்தாவது முடித்து ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட் போன்ற பிரிவுகளில் சேர்ந்தால் 2 வருஷம். வெல்டர் 1 வருஷம்தான். முடித்ததும் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும், நாங்கள் என்டிசி என்போம். 2 வருஷப் பிரிவு முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். இன்னும் 2 வருஷத்தில் டிப்ளமோ கையில் வந்துவிடும். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். வருஷத்தைக் கூட்டிப் பாருங்கள். பிளஸ் டூ 2, பி.இ. 4, மொத்தம் 6. பத்தாவதிலிருந்து நேரே பாலிடெக்னிக் போனால் 3, பிறகு பி.இ. 3, அதுவும் 6தான். ஐடிஐ வழியாகப் போனால் 7 ஆகும். ஒரு வருஷம் கூடுதல், ஆனால் வழியில் எங்கே நின்றாலும் கையில் வேலைக்கான ஒரு சான்றிதழ் இருக்கும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. பத்தாவது முடித்து ஐடிஐயில் 2 வருஷப் பிரிவு தேறினவர்கள், பிளஸ் டூ தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்றிதழ் வாங்கலாம். எட்டாவது தகுதியில் 2 வருஷப் பிரிவு முடித்தவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்கும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு. எங்கள் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: ஐடிஐ முடித்த சூட்டோடு இந்த இரண்டு பேப்பரையும் எழுதிவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதே.

வேலை என்று பார்த்தால் நம் நெல்லை மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிட்டத்திலேயே பெரிய இடங்கள் இருக்கின்றன. மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் டெக்னீஷியன் வேலைக்குப் பத்தாவதும் ஐடிஐயும்தான் தகுதி. டெக்னிக்கல் அசிஸ்டென்டுக்கு முதல் வகுப்பு டிப்ளமோ கேட்பார்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்தை நடத்தும் என்பிசிஐஎல் எடுக்கும் உதவித்தொகைப் பயிற்சியாளர்களில் இரண்டாம் வகை ஒன்று உண்டு. அதில் இயக்குபவர் வேலைக்கு அறிவியல், கணக்குடன் பிளஸ் டூ, பராமரிப்பு வேலைக்குப் பத்தாவதும் ஐடிஐயும். ஒரே நிலையம், ஒரே வகை, இரண்டு பாதையிலிருந்தும் உள்ளே போகலாம். ஆனால் அங்கே பத்தாம் வகுப்பில் வாங்கின கணக்கு, அறிவியல் மார்க்கும் சேர்த்துப் பார்க்கப்படும். ஐடிஐதானே போகப்போகிறோம் என்று பத்தாவதைக் கோட்டை விடுகிற பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கங்கைகொண்டான் சிப்காட், கயத்தாறு, பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகள், தூத்துக்குடித் துறைமுகம், ரயில்வே, மின்வாரியம் என்று மற்றதையும் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். ஐடிஐ முடித்து அப்ரண்டிஸ் பயிற்சியும் (ஒரு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே தொழில் பழகுவது) முடித்தவனுக்கு இந்த இடங்களில் தனி மதிப்பு. அந்தப் பயிற்சியைத் தவறவிடக் கூடாது.

பள்ளியிலேயே இருக்க வேண்டிய பிள்ளைகள் யார் என்பதையும் அதே உறுதியோடு சொல்ல வேண்டும். டாக்டர், நர்ஸ், பார்மசி, விவசாயப் பட்டப்படிப்பு என்று மனதில் இருந்தால் பிளஸ் டூவில் அறிவியல் படித்தே ஆக வேண்டும், ஐடிஐ வழியில் அங்கே போக முடியாது. சிஏ படிக்க ஆசைப்படுகிற பிள்ளைக்கும் பிளஸ் டூதான் வழி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் கிடைக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். நன்றாகப் படிக்கிற ஏழைப் பிள்ளையைப் பத்தாவதோடு எடுத்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும்.

ஒரு பெண் பிள்ளையை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அம்மா பீடி சுற்றுகிறவர், அப்பா இல்லை. பிள்ளை 400க்கு மேல் மார்க், நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. அம்மாவோ தையல் பிரிவில் சேர்க்க வந்திருந்தார். "ஒரு வருசத்துல முடிச்சிருவாள்லா சார், அவளும் நாலு காசு பார்ப்பா" என்றார். அந்த அம்மா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, வீட்டு நிலைமை அப்படி. "யக்கா, அரசுப் பள்ளியிலேயே உயிரியல் இருக்கிற குரூப்ல சேருங்க. பிளஸ் டூ முடிச்சுக் காலேஜ் போனா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் வரும்" என்று உட்கார வைத்துச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு அதுதான் வழி.

இதற்கு நேர்மாறாக, மோட்டார் ரிப்பேர் என்றால் உயிரை விடுகிற ஒரு பையன் எலக்ட்ரீஷியன் கேட்டு அழுதும், மில் வேலை பார்க்கும் அவன் அப்பா பிடிவாதமாகத் தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் குரூப்பில் சேர்த்தார். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதுதான் அவர் கவலை. இரண்டு வருஷ ஃபீஸ் கட்டி, இயற்பியலில் பெயிலாகி, அதன்பிறகு எங்களிடம் வந்தான். இன்று நன்றாக இருக்கிறான். ஆனாலும் அந்த இரண்டு வருஷமும், பெயில் என்று கேட்ட பேச்சும் அவனுக்குத் தேவையில்லாத பாரம்.

பெண் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: தையலும் கம்ப்யூட்டரும் மட்டும்தான் பெண்களுக்கு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், மெஷினிஸ்ட் எல்லாவற்றிலும் சேரலாம். அரத்தைப் பிடிக்கிற கை ஆணா பெண்ணா என்று இரும்புக்குத் தெரியாது. கங்கைகொண்டானில் உள்ள டாடா சோலார் ஆலையில் பெண்கள்தான் அதிகம் வேலை பார்க்கிறார்கள். அரசு ஐடிஐயில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பும் கிடையாது. கல்யாணம் ஆகி வீட்டில் இருக்கிற பெண்ணும் வரலாம்.

செலவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, சைக்கிள், பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் 1000 ரூபாயும் ஐடிஐக்குப் பொருந்தும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இந்த இரண்டு பாதையும் இல்லாத மூன்றாவது ஒன்று. பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பாருங்கள், மாடியில் ஒரு போர்டு தொங்கும். ஆறு மாதத்தில் டிப்ளமோ, ஒரு வருஷத்தில் ஃபயர் அண்ட் சேஃப்டி, முடித்தால் துபாயில் வேலை. நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறார்கள். அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அரசு வேலைக்கோ அப்ரண்டிஸுக்கோ விண்ணப்பிக்கும்போதுதான் அதற்கு அங்கீகாரம் இல்லை என்று தெரிகிறது. தனியார் ஐடிஐ என்றால் என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். நிறுவனத்துக்கு இருக்கிறது என்று சொன்னால் போதாது. நீங்கள் சேரப்போகிற அந்தப் பிரிவுக்கு இருக்கிறதா, எத்தனை இடத்துக்கு என்று கேளுங்கள். ஃபிட்டருக்கு ஒரு யூனிட் என்றால் 20 பேர். ஒரு யூனிட்டை வைத்துக்கொண்டு 50 பேரைச் சேர்க்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். போன வருஷம் அங்கே முடித்த ஒரு பையனின் என்டிசியைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் உங்களுக்கே புரிந்துவிடும்.

முடிவு எடுப்பதற்கு முன்னால் பட்டறை நடக்கிற நேரத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள். பேட்டை, அம்பாசமுத்திரம், ராதாபுரம், எது உங்களுக்குக் கிட்டமோ அங்கே போங்கள். காலையில் வாருங்கள், மெஷின் ஓடும், வெல்டிங் பொறி பறக்கும், ஆயில் வாடை அடிக்கும். பிள்ளை எந்த இடத்தில் கூடுதல் நேரம் நிற்கிறது, எதைப் பற்றிக் கேள்வி கேட்கிறது என்று கவனியுங்கள். அங்கே படிக்கிற ஒரு பையனோடு தனியாகப் பேச விடுங்கள், நீங்கள் நடுவில் நிற்க வேண்டாம். அதே மாதிரி, பிளஸ் ஒன் சேர்ப்பதாக இருந்தால் அந்த குரூப்பின் பாடப்புத்தகத்தை வாங்கி ஒரு வாரம் வீட்டில் புரட்ட விடுங்கள். சில மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தவிக்கிற பிள்ளைக்கு அது பொருந்தலாம், பள்ளியில் விசாரியுங்கள்.

பத்தாவதில் ஒன்றிரண்டு பாடம் போய்விட்டதென்றால் முதலில் துணைத்தேர்வுக்குப் பணம் கட்டுங்கள். வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளில் எட்டாவது தகுதியிலேயே சேரலாம். அப்படிச் சேர்ந்தாலும் பத்தாவதை எழுதி முடித்துவிடுவது நல்லது.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். பிளஸ் ஒன்னுக்குக் கேட்டுவிட்டோமே என்று ஐடிஐக்குப் போடாமல் இருக்காதீர்கள், இரண்டுக்கும் போட்டு வைக்கலாம். ஆனால் பிளஸ் ஒன்னில் சேர்ந்து டிசியை அங்கே கொடுத்துவிட்டால், ஐடிஐ இடம் கிடைத்ததும் அதைத் திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும். எங்களிடம் ஒரிஜினல் டிசி இல்லாமல் சேர்க்கை முடியாது, கடைசித் தேதியும் யாருக்காகவும் நிற்காது. ஆகவே டிசி, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் நாலு நாலு ஜெராக்ஸ் எடுத்து ஒரு ஃபைலில் போட்டு, ஃபைலைப் பிள்ளை கையிலேயே கொடுத்துவிடுங்கள்.