ஒல்லிப் பையனுக்குச் சட்டை எடுக்கிறீர்களா? முதலில் தோளைப் பாருங்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஆண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். ஜூனில் பள்ளிச் சீருடை, ஆவணியிலும் தையிலும் திருவந்திபுரத்துக் கல்யாணங்கள், நடுவில் பிளஸ் டூ பிள்ளைகளின் பிரிவு உபசார விழா என்று வேலை வந்துகொண்டே இருக்கும். எந்தக் காலமானாலும் ஒரே குறையோடு வருகிற குடும்பங்கள் உண்டு. பையனுக்கு வயது 14லிருந்து 17க்குள் இருக்கும். உயரத்தில் அப்பாவை எட்டிப் பிடித்திருப்பான், உடம்பு மட்டும் ஒல்லி. லாரன்ஸ் ரோடு முழுக்க ஏறி இறங்கியும் ஒரு நல்ல முழுக்கைச் சட்டை அமையவில்லை என்பார்கள். "இவன் உடம்புல எதுவுமே நிக்க மாட்டேங்குதுண்ணா" என்று அம்மா சொல்லும்போது பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அந்தப் பையன்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குறை அவன் உடம்பில் இல்லை. அவனுடைய அளவில் சட்டை வெட்டப்படுவதில்லை, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். பல கம்பெனிகளின் ஃபார்மல் சட்டையில் 38, 39, 40 என்று போட்டிருப்பது கழுத்துச் சுற்றளவு, அதுவும் சென்டிமீட்டரில். 38 என்றால் 15 இன்ச் கழுத்து. (சில கம்பெனிகள் நெஞ்சளவை இன்ச்சில் போடுவதும் உண்டு. லேபிளைப் படித்துவிட்டு எடுங்கள்.) ஒல்லியான பத்தாம் வகுப்புப் பையனின் கழுத்து 13, 13½ இன்ச்தான் இருக்கும், நெஞ்சு 30 முதல் 32. பெரியவர்கள் பிரிவில் கிடைக்கும் சின்ன சைஸ் பெரும்பாலும் 38தான். அந்தச் சட்டையின் நெஞ்சுச் சுற்றை டேப் வைத்து அளந்தால் 40 இன்ச்சுக்கு மேல் வரும். உடம்பு அளவைவிட 4 அல்லது 5 இன்ச் கூடுதல் இருந்தால் போதும் என்கிற இடத்தில் 8, 10 இன்ச் தொங்குகிறது. சரி, சிறுவர் பிரிவுக்குப் போகலாம் என்றால் அங்கே நெஞ்சு சரியாக இருக்கும், கை மணிக்கட்டுக்கு இரண்டு இன்ச் மேலேயே நின்றுவிடும். டக் இன் செய்து கையைத் தூக்கினால் சட்டை வெளியே வந்துவிடும்.

"ஸ்லிம் ஃபிட் வாங்கினா சரியாயிடும்" என்று கடையில் சொல்வார்கள். அதில் முக்கியமாகக் குறைத்திருப்பது இடுப்பையும் கையின் அகலத்தையும்தான். கழுத்தும் தோளும் பெரும்பாலும் அந்த 38க்கு உரியவையாகவே இருக்கும். ஒல்லிப் பையனுக்குச் சட்டை கெட்டுப்போவதே அந்த இரண்டு இடத்தில்தான்.

இன்னொரு வழக்கம், இரண்டு சைஸ் பெரிதாக எடுப்பது. "வளர்ற புள்ளண்ணா, ரெண்டு வருஷம் வர்ற மாதிரி லூஸா தெச்சிடுங்க" என்பார்கள். காசின் அருமை தெரிந்தவர்கள் சொல்வது, அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வயதுப் பையன் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளர்வதில்லை. கையும் காலும் முதலில் நீளும். தோள் அகலமாவதும் நெஞ்சு நிறைவதும் அதற்குப் பின்னால்தான். வளர்த்தி வேகமாக இருக்கும் ஆண்டில் 8, 9 சென்டிமீட்டர் உயர்ந்துவிடுகிற பையன்கள் உண்டு. ஆகவே பெரிதாக வாங்கிய சட்டை முதல் வருஷம் தோளில் தொங்கும். தோள் அதற்கு ஈடாக நிறைவதற்குள் கை குட்டையாகிவிடும். ஒரு நாள்கூட அந்தச் சட்டை அவனுக்குச் சரியாக இருந்திருக்காது.

அப்படியானால் எதைப் பார்த்து எடுப்பது? தோளை. ரெடிமேடோ, சந்தையில் எடுப்பதோ, எதுவானாலும் தோள் சரியாக இருந்தால் மற்றதில் பாதியைத் தையல்காரர் சரிசெய்துவிடுவார். பையனைக் கையைத் தொங்கவிட்டு நேராக நிற்கச் சொல்லுங்கள். கழுத்திலிருந்து விரலால் தடவிக்கொண்டே போனால் தோள் எலும்பு முடிகிற முனை தட்டுப்படும். சட்டையில் கையைச் சேர்த்த தையல் அந்த முனையில் உட்கார வேண்டும். அரை இன்ச் வெளியே போனால் பரவாயில்லை. ஒன்றரை இன்ச் கீழே இறங்கிப் புஜத்தில் கிடந்தால் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தோளைக் குறைக்க வேண்டுமென்றால் கையைக் கழற்றி, வெட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கு ஆகும் கூலிக்கும் சிரமத்துக்கும் புதுச் சட்டையே தைத்துவிடலாம்.

அடுத்தது ஆர்ம்ஹோல். பலரும் பார்க்காமல் விடுவது இதுதான். அக்குள் பள்ளம் தாராளமாக இறங்கியிருந்தால் கையை வீசச் சுகமாக இருக்கும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. பள்ளம் ஆழமாக இருந்தால் கையைத் தூக்கும்போது மொத்தச் சட்டையும் கூடவே ஏறும், டக் இன் கழன்றுவிடும். அக்குளுக்குக் கிட்டத்தில் ஏறியிருந்தால் கை மட்டும் தனியாக அசையும். டிரையல் அறையில் சட்டையை உள்ளே விட்டு, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டை பேன்ட்டுக்குள்ளேயே நின்றால் நல்ல வெட்டு.

காலரை மேல் பட்டன் வரை போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழையலாம். நான்கு விரல் நுழைந்தால் டை கட்டும்போது துணி முன்னால் சுருங்கிக் கூம்பும். மேல் பட்டனைக் கால் இன்ச், அதிகமானால் அரை இன்ச் நகர்த்தலாம். அதற்கு மேல் நகர்த்தினால் காலரின் இரண்டு முனையும் ஒன்றுபோல் நிற்காது. டை கட்டப்போவதில்லை, மேல் பட்டன் திறந்தேதான் இருக்கும் என்றால் கழுத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். தோளில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கஃப், அதாவது மணிக்கட்டில் பட்டன் போடுகிற பட்டி, அதன் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கை நீளம் என்று குறைக்கக் கொண்டுவரும் சட்டைகளில் பலவற்றில் கை நீளமே சரியாகத்தான் இருக்கும். பையனின் மணிக்கட்டு 6 இன்ச், சட்டையின் கஃப் 9 இன்ச். பிடிமானம் இல்லாததால் அது வழுக்கி உள்ளங்கை வரை இறங்கிவிடுகிறது. பட்டனை உள்ளே தள்ளி வைத்து, கஃபை மணிக்கட்டைச் சுற்றி நிறுத்திவிட்டு அப்புறம் நீளத்தைப் பாருங்கள். முழங்கையை மடக்கினாலும் மணிக்கட்டு எலும்பு மூடியே இருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கையை வெட்டிவிட்டால் ஆறே மாதத்தில் அது குட்டையாகிவிடும்.

தோளும் கையும் சரியாகி உடம்பு மட்டும் லூஸ் என்றால் கவலையே வேண்டாம். இரண்டு பக்கமும் துணியை விரலால் கிள்ளிப் பாருங்கள். பக்கத்துக்கு ஒரு இன்ச் மடிப்பு கிடைத்தால் மொத்தத்தில் 4 இன்ச் லூஸ் என்று கணக்கு. அந்த அளவு இருந்தால் அப்படியே விடலாம். ஒல்லிப் பையனுக்கு உடம்போடு ஒட்டப் பிடித்தால் விலா எலும்பு எண்ணுகிற மாதிரி ஆகிவிடும், அதுவும் அழகில்லை. அதற்கு மேல் இருப்பதைச் சைடு பிடித்துக் குறைக்கலாம். பிடிக்கும்போது தையல் கஃபுக்கு மேலிருந்து கிளம்பி, அக்குள் வழியாகச் சட்டையின் அடி வரை ஒரே கோடாக ஓட வேண்டும். இடுப்பில் மட்டும் பிடித்தால் அக்குளில் துணி மூட்டையாக நிற்கும். மூன்று இன்ச்சுக்கு மேல் குறைக்க வேண்டுமானால் முதுகில் இரண்டு டார்ட் (துணியை உள்பக்கம் மடித்துப் பிடிக்கும் நீளத் தையல்) போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் பக்கத்திலேயே பிடித்தால் பாக்கெட் நகர்ந்து அக்குளுக்குப் போய்விடும். பிடித்த துணியை ஒட்ட வெட்ட வேண்டாம், முக்கால் இன்ச் உள்ளே விட்டு, ஓரம் நூல் பிரியாமல் ஓவர்லாக் அடித்துக் கொடுங்கள் என்று கேளுங்கள். அடுத்த வருஷம் பிரித்துவிடலாம். வளர்கிற பிள்ளைக்கு இடம் விட வேண்டியது அங்கேதான்.

நம் பக்கத்தில் இன்னொரு வசதி இருக்கிறது. பாண்டியில் பல வீடுகளுக்கு பிரான்ஸில் சொந்தம் உண்டு. அத்தையோ சித்தப்பாவோ வரும்போது பிள்ளைகளுக்குச் சட்டை வாங்கிவருவார்கள். அங்கே சிறுவர் சட்டையில் 14, 16 என்று வயதோடு, பல சமயம் உயரத்தையும் சென்டிமீட்டரில் போட்டிருப்பார்கள். ஒல்லியாக உயர்ந்த பையனுக்கு வயதை விட்டுவிட்டு உயரத்தைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். பெரியவர் சட்டையானால் 37/38 என்று இருப்பது கழுத்தளவு. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் எக்ஸ்போர்ட் மிச்சம் என்று குவித்திருக்கும் சட்டைகளிலும் சின்னத் தோள் உள்ளவை கிடைக்கும். லேபிளை வெட்டியிருப்பார்கள், நம்பரை நம்ப முடியாது. வீட்டில் பையனுக்குப் பொருந்துகிற சட்டை ஒன்றைத் தரையில் விரித்து, தோள் தையலிலிருந்து தோள் தையல் வரை அளந்து குறித்துக்கொண்டு, ஒரு டேப்போடு போங்கள்.

தைப்பதானால் 36 இன்ச் பன்னாவில் (பன்னா என்பது துணியின் அகலம்) முழுக்கைக்கு இரண்டே கால் மீட்டர், 58 இன்ச் பன்னாவில் 1.60 மீட்டர் போதும். நம் கடற்கரை வெக்கைக்குக் காட்டன்தான் நல்லது. ஆனால் சுருங்காமல் பதப்படுத்தாத காட்டன் முதல் சலவையில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு சுருங்கும், 24 இன்ச் கையில் ஒரு இன்ச் போய்விடும். வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துக் கொடுங்கள். மெல்லிய வெள்ளைத் துணியும் லைக்ரா கலந்ததும் ஒல்லிப் பையனுக்கு வேண்டாம், உடம்போடு ஒட்டும். ஆக்ஸ்ஃபோர்டு மாதிரி கொஞ்சம் கனமான நெசவு தானாக நிற்கும். காலர் முனை இரண்டரை இன்ச்சுக்குள் இருக்கட்டும். பாக்கெட்டை நாலேகால் இன்ச் அகலத்துக்குக் குறைக்கச் சொல்லுங்கள். பெரியவர் பாக்கெட் 30 இன்ச் நெஞ்சில் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். நான் கஃபுக்குள் முக்கால் இன்ச் துணியை மடக்கிவிட்டுத் தைப்பேன். கை நீண்டதும் கஃபைப் பிரித்து இறக்கிவிடலாம்.

கடையில் நின்று "ஈர்க்குச்சி", "சோறே திங்கிறதில்ல" என்றெல்லாம் பேசாதீர்கள். விற்பனையாளர் பேசினாலும் நிறுத்தச் சொல்லுங்கள். அப்படிக் கேட்டுக் கேட்டே தோளைக் குறுக்கிக் கூன் போட்டு நிற்கப் பழகிய பையன்களை அளவு எடுக்கும்போது பார்க்கிறேன். கூன் போட்டால் முதுகு நீளும், முன்பக்கம் குறையும், நல்ல சட்டையும் கழுத்துக்குப் பின்னால் போய்விடும். அளவெடுக்கும் முன் ஒரு நிமிஷம் அவனிடம் பேசிவிட்டு, மூச்சை விடச் சொல்லி, அப்புறம்தான் டேப்பைப் போடுவேன். ஆனால் ஒன்று: சின்ன வயதிலிருந்தே ஒல்லி என்றால் அது அவன் வாகு. போன வருஷ அளவைவிட இந்த வருஷம் நெஞ்சும் இடுப்பும் குறைந்திருந்தால் பெற்றோரைத் தனியாக அழைத்துச் சொல்லிவிடுவேன். வளர்கிற வயதில் அளவு குறையக் கூடாது. கூடவே அதிக தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் தள்ளிப்போடாமல் உடனே டாக்டரிடம் காட்டி, சர்க்கரை பார்க்க வேண்டும்.

விழாவுக்கு முதல் நாள் வராதீர்கள். பத்து நாள் முன்னால் வாருங்கள். அன்று போடப்போகிற பேன்ட், பெல்ட், உள்ளே போடும் பனியன் எல்லாவற்றோடும் பையனைக் கூட்டி வாருங்கள். டிரையல் பார்க்கும்போது எல்லா பட்டனையும் பூட்டி, நடந்து, உட்கார்ந்து, கையைத் தூக்கிப் பார்க்கட்டும். எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று அவனையே சொல்லவிடுங்கள்.