வெந்த எலும்பை நாய்க்குப் போடாதீர்கள்

நோம்பி (திருவிழா) முடிந்து கிடா விருந்து நடக்கும் நாள்களை ஒட்டி, எங்கள் கொங்குப் பகுதியில் தோட்டத்து நாய்களைச் சிகிச்சைக்குக் கூட்டி வருவது அதிகமாகிவிடும். நாய் முதுகைக் குறுக்கி நின்று முக்கும்; மலம் இறங்காது, சில சொட்டு இரத்தம் மட்டும் வரும். கையுறையிட்டு ஆசனவாயைச் சோதித்தால், சுண்ணாம்புக் காரை போல இறுகிய மலமும் அதற்குள் கூராக நீட்டிக்கொண்டிருக்கும் எலும்புச் சில்லுகளும் விரலில் தட்டுப்படும். எனிமாவுக்கும் இளகாத அந்தக் கட்டியைப் பல நேரங்களில் மயக்க மருந்து கொடுத்துத்தான் சிறிது சிறிதாக எடுக்க வேண்டியிருக்கிறது. ஆசையாகப் போட்ட எலும்புதான் காரணம் என்று சொல்லும்போது வீட்டாரின் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கும் வருத்தமாகவே இருக்கிறது.

பச்சை எலும்பில் ஈரப்பதமும் கொலாஜன் என்னும் புரதமும் இருப்பதால் அது ஓரளவு வளைந்து கொடுக்கும். வேகவைத்தாலோ வறுத்தாலோ சுட்டாலோ அந்தத் தன்மை கெட்டு, கடித்தவுடன் கூர்மையான சில்லுகளாகப் பிளக்கிறது. உள்ளே கூடாக இருக்கும் கோழிக்கால் எலும்பு இதில் மிகவும் ஆபத்தானது. சில்லு உணவுக்குழாயில் சிக்கினால் நாய் கழுத்தை நீட்டி எச்சில் வடித்தபடி ஓங்கரிக்கும். குடலைத் துளைத்துவிட்டால் வயிற்றறைக்குள் கிருமி பரவி, உடனே அறுவைச் சிகிச்சை செய்தாலொழிய உயிர் பிழைப்பது அரிது. குழம்பில் கிடந்த எலும்பென்றால், அதில் ஒட்டியுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. பச்சை எலும்பும் முற்றிலும் பாதுகாப்பானதன்று. பல் உடைவதும் சால்மொனெல்லா என்னும் கிருமியின் தொற்றும் அதனாலும் வரும்.

"எங்க அப்பாரு காலத்துல இருந்து போடறோம், ஒண்ணும் ஆனதில்லீங்க" என்று பலர் சொல்கிறார்கள். பெரும்பாலான நாய்கள் தப்பிவிடுவது உண்மைதான். ஆனால் அக்காலத்தில் வரப்போரம் செத்துக் கிடந்த நாயின் வயிற்றை அறுத்துக் காரணம் தேடியவர் யாரும் இல்லை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நாய் ஏற்கனவே தின்றுவிட்டதென்றால், உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சில்லு மேலேறும்போது உணவுக்குழாயைக் கிழிக்கும். விளக்கெண்ணெயும் புகட்ட வேண்டாம். வாந்தி, உணவு மறுப்பு, வயிற்றைத் தொட்டால் வலி, இரத்தம் கலந்த மலம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவரிடம் கொண்டு சென்று எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். நாய்க்குக் கறி கொடுக்க விரும்பினால், உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்து, எலும்பை முற்றிலும் நீக்கிச் சோற்றில் பிசைந்து வையுங்கள். விருந்து இலைகளை எருக்குழியில் அப்படியே கொட்டினால் நாய் இரவிலேயே கிளறிவிடும். எலும்புகளைத் தனியே பொறுக்கி ஆழமாகப் புதைத்து மேலே கல்லை வையுங்கள்.