பிளக் வெள்ளையாக இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் எங்கள் பட்டறையில் கூட்டம் நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது, கையில் நேரம் இருக்கிற தம்பிகள் வண்டியைக் கழற்ற ஆரம்பிப்பார்கள். சைலன்சர் மாறும், ஏர் ஃபில்டர் பெட்டி போய்க் கூம்பு ஃபில்டர் வரும், சிலர் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரையே மாற்றிவிடுவார்கள். அப்புறம் ஒரு வாரத்தில், "அண்ணே, வண்டி இழுக்க மாட்டேங்குது, பெரிய ஜெட்டாப் போட்டு விடுங்க" என்று வந்து நிற்பார்கள்.

அப்படி வருகிற பல வண்டிகளில் கோளாறு, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னப் பித்தளைத் துளையான அந்த ஜெட்டில் இருப்பதில்லை. இதை எத்தனை பேரிடம் வாயால் சொன்னாலும் போதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி ஆர்எக்ஸ் 100 என்ற டூ ஸ்ட்ரோக் பைக்கைக் கொண்டு வந்தார். வேறொரு பட்டறையில் மூன்று முறை மெயின் ஜெட் மாற்றியிருந்தார்கள், கழற்றிய ஜெட்டுகள் சட்டைப்பையில் இருந்தன. 80-ஐத் தாண்டினால் மூச்சு அடைக்கிறது, ஆக்சிலேட்டரை விட்டாலும் ஐடிலிங் உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டே இருக்கிறது என்றார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். நுனியில் இருக்கும் பீங்கான் காபிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டும். இதில் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் அந்த வெள்ளையின் மேல் ஊசிமுனை அளவுக்குப் பளபளவென்று சில புள்ளிகள். அவை பிஸ்டனின் அலுமினியம். சூடு தாங்காமல் பிஸ்டன் தலை அரித்து, அந்தத் துகள்தான் பிளக்கில் ஒட்டியிருந்தது. இன்னும் சில நாள் ஓட்டியிருந்தால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகி இன்ஜின் சீஸ் ஆகியிருக்கும். டூ ஸ்ட்ரோக் சீஸ் ஆனால் பின்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும், அது பாம்பன் பாலத்தின் நடுவில் நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் டூ ஸ்ட்ரோக் ஓட்டுகிறவர்களிடம் ஒரு விரல் எப்போதும் கிளட்சில் இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் வருகிற சூடு இது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்குக் கிட்டத்தட்ட 9 கிலோ போதும். இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஆகவே பழைய கார்புரேட்டர் வண்டியில் எதையும் மாற்றாவிட்டாலும் கலவை முன்பைவிடக் காற்றுப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அதன் மேல் கூம்பு ஃபில்டரும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, அப்படியானால் பெரிய ஜெட் போட்டால் தீர்ந்துவிடுமா? அந்தத் தம்பிக்குத் தீரவில்லை, ஏனென்றால் காற்று வேறு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் மேனிஃபோல்டைக் கட்டைவிரலால் வளைத்ததும் அடிப்பக்கம் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு வாய் திறந்தது. வளைக்காமல் பார்த்தால் தெரியவே தெரியாது. உப்புக்காற்றும் வெயிலும் இன்ஜின் சூடும் சேர்ந்து ரப்பரை இப்படித்தான் ஆக்கும். இதை நீங்களே வீட்டில் சோதிக்கலாம்: வண்டி ஐடிலில் ஓடும்போது சோப்புத் தண்ணீரை அந்த இணைப்பைச் சுற்றி ஸ்பிரே பண்ணுங்கள், சத்தம் மாறினால் அங்கே ஓட்டை. சிலர் பெட்ரோலை அடித்துப் பார்க்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், பக்கத்திலேயே சூடான சைலன்சர் இருக்கிறது.

மேனிஃபோல்டை மாற்றியும் ஐடிலிங் முழுசாக இறங்கவில்லை. இன்ஜின் பக்கவாட்டில் மின்சாரம் தரும் மேக்னட்டின் மூடியைத் திறந்தேன், ஆயில் சீலைச் சுற்றி எண்ணெய் ஈரம். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறையே காற்றை உறிஞ்சுகிற இடம், அதனால் மேக்னட் பக்கச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே வரும், கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப்புகை தள்ளும். இரண்டு சீலும் புதிது போட்டு, முதலில் கம்பெனி ஜெட்டுக்கே திரும்பினேன். பிறகு சைலன்சருக்காக ஒரே ஒரு படி ஏற்றினேன், போதுமாக இருந்தது. இன்னொன்று, அந்தத் தம்பி இன்ஜினுக்குத் தானாக ஆயில் கொடுக்கும் 2டி பம்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றிக்கொண்டிருந்தார், பாதுகாப்புக்கு என்று ஆயிலைக் கூடுதலாகவே. ஆயில் கூடக்கூட ஜெட் வழியே போகிற பெட்ரோல் குறைகிறது, அதுவும் கொஞ்சம் காற்றுப் பக்கமே தள்ளும்.

டியூனிங்குக்கு வருவோம். ஆக்சிலேட்டர் பிடியில் வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போடுங்கள். வண்டி எந்தக் கோட்டில் தடுமாறுகிறது என்பதுதான் முதல் தகவல். கால்வரை பைலட் ஜெட்டும் ஸ்க்ரூவும், காலிலிருந்து முக்கால்வரை நீடில் என்கிற ஊசியும் அதன் கிளிப்பும், அதற்கு மேல் மெயின் ஜெட். தடுமாறும்போது, பெட்ரோலைக் கூட்டுகிற சோக்கை லேசாக இழுத்துப் பாருங்கள். நன்றாக ஓடினால் பெட்ரோல் போதவில்லை, இன்னும் மோசமானால் கூடிவிட்டது. முழு ஆக்சிலேட்டரில் அடைக்கிற வண்டி, பிடியைக் கொஞ்சம் குறைத்ததும் எகிறிப் பாய்ந்தால் மெயின் ஜெட் சிறிது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியதை எழுதி வைக்க வேண்டும்.

ஸ்க்ரூவில் பலர் ஏமாறுகிறார்கள். ஆர்எக்ஸ் போல ஏர் ஃபில்டர் பக்கம் இருப்பது காற்று ஸ்க்ரூ, உள்ளே முறுக்கினால் பெட்ரோல் கூடும். இன்ஜின் பக்கம் இருப்பது பெட்ரோல் ஸ்க்ரூ, அதை வெளியே திருப்பினால்தான் கூடும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு சரியாக இருந்த வண்டியைக் கெடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜெட் அடைத்தால் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மெத்தென்றது, ஓட்டை அகன்றுவிட்டால் மேலே பொறித்திருக்கிற நம்பருக்கு அர்த்தமே இல்லை.

பிளக் நிறம் பார்க்க, முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, அப்படியே உருட்டி நிறுத்திக் கழற்ற வேண்டும். இதைப் பாலத்திலோ தனுஷ்கோடி ரோட்டிலோ செய்யாதீர்கள். சுற்றுலா வந்தவர்கள் எங்கே வேண்டுமானாலும் நிற்பார்கள், பக்கக்காற்று வண்டியையே தள்ளும். அந்தக் காற்று கலவையையும் கெடுக்கும். கீழக்கரையிலிருந்து வந்த ஒரு 150 சிசி வண்டி பாலத்தில் மட்டும் மிஸ்ஸிங் அடித்தது, ஊருக்குள் ஒன்றுமில்லை. உள்ளே இருக்கும் சிறு பிஸ்டன் வெற்றிடத்தால் ஏறி இறங்குகிற வகைக் கார்புரேட்டர் அது. திறந்து கிடந்த கூம்பு ஃபில்டரில் குறுக்குக்காற்று அடித்ததும் அழுத்தம் குழம்பிப்போகிறது. கம்பெனி ஃபில்டர் பெட்டியைத் திரும்ப மாட்டினோம், மிஸ்ஸிங் போய்விட்டது. மணலும் உப்பும் உள்ளே போவதும் நின்றது.

கடலுக்குப் போய்விட்டு வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டி என்றால் முதலில் கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் வடித்துப் பாருங்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், அளவு மீறினால் பிரிந்து அடியில் தனியாகத் தேங்கும். ஜெட் பெட்ரோலை எடுப்பதும் அந்த அடியிலிருந்துதான். டேங்க் துருவும் அங்கேதான் வந்து சேரும்.

கார்புரேட்டர் இல்லாத எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டிக்காரர்களுக்கு: சைலன்சர் மாற்றும்போது ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இணைப்பில் கசிவு இருந்தால், வெளிக்காற்றைப் பார்த்துவிட்டு வண்டியின் கம்ப்யூட்டரான ஈசியு பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் விழும், பிளக் கறுக்கும். ஈசியுவின் கணக்கை மாற்றி எழுதுகிற ரீமேப்புக்குக் காசு கொடுப்பதற்கு முன் கேஸ்கட்டையும், பச்சை பூத்த கனெக்டர்களையும், எர்த் வயரையும் பாருங்கள். நம் கரையில் எர்த் வயர் முனையை உப்பு தின்னாத வண்டி அபூர்வம். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: கம்பெனி கொடுத்த அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது.

பட்டறைக்கு வரும்போது கழற்றிய ஃபில்டர் பெட்டி, பழைய சைலன்சர், எல்லா ஜெட்டுகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். முந்தின இரவே வண்டியைப் பட்டறையில் நிறுத்திவிடுங்கள், ஆறின இன்ஜினில்தான் நான் முதல் பிளக்கைக் கழற்றுவேன்.